முப்பத்தொரு தகடுகள்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் எஃப்.சி. மைதானத்தில் ஆய்வாளர் வேனுக்கு அடியில் குனிந்து, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அடிச்சட்டத்தை மூன்று இடங்களில் தட்டினார். முதல் இரண்டு தட்டலும் காலி டப்பாவைத் தட்டியதுபோல் கேட்டன. மூன்றாவது தட்டலுக்குச் சத்தம் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போயிருந்தது.

அவர் அதை உருவி நுனியைப் பார்த்தார். செம்பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

“ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்ல சார்” என்றேன்.

“இதுல இரும்பு எங்க இருக்கு? நான் தட்டுறது பூராம் அலுமினியத் தகடா இருக்கே.”

என் மச்சினன் முன்னால் வந்தான். “உள்ள இருக்கு சார். மேல ஒரு பாதுகாப்புக்குத் தகடு அடிச்சிருக்கோம்.”

“பாதுகாப்பு யாருக்கு? துருவுக்கா?”

பக்கத்தில் தன் முறைக்காக நின்றிருந்த லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். மச்சினனும் சேர்ந்து சிரித்தான். ஆய்வாளர் கடுமையான ஆள் இல்லை. தாளில் ‘தகுதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: சட்டத்தையே மாற்றினால்தான் இனி எஃப்.சி.; பதினாறு வருட வண்டிக்கு அவ்வளவு செலவு செய்வது வீண்; பேசாமல் கண்டம் செய்து உடைக்கக் கொடுத்துவிடுங்கள். அனுமதி பெற்ற மையத்தில் எடைக்குக் காசு கொடுக்கிறார்கள். சான்றிதழும் தருகிறார்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் வரியில் குறைப்பார்கள், வண்டிக் கம்பெனியும் விலையில் கொஞ்சம் தள்ளும்.

“பழசக் குடுத்தா துட்டு, புதுசு வாங்குனா தள்ளுபடி. முன்னால இந்த வசதியெல்லாம் கிடையாது” என்றார்.

வேன் என் பெயரில் இருந்ததே தவிர அதை ஓட்டியவன் மச்சினன், என் மனைவியின் தம்பி. வாங்கிய நாளில் பைனான்ஸ் கம்பெனி சம்பளச் சீட்டு கேட்டது. அவனிடம் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது. நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஸ்டோர் கீப்பர்; என்னிடம் சம்பளச் சீட்டு இருந்தது. என் பங்கு அந்தக் கையெழுத்தோடு முடிந்தது. தவணை முழுவதையும் அவன்தான் கட்டினான். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. அச்சகத்தில் ஆண்டு முடிவில் மிஞ்சும் டைரிகளில் ஒன்றை எடுத்து நாள்தோறும் நாலு வரி எழுதுவது என் பழக்கம்; அதில் குறித்து வைத்திருக்கிறேன்.

அவன் வேலை இதுதான்: காலை ஐந்தரைக்கு ஆமத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மூன்று சிற்றூர்களில் பதினெட்டுப் பெண்களை ஏற்றி, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்க வேண்டும். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். கம்பெனி மாத வாடகை கொடுத்தது. மெயின் ரோட்டிலேயே நின்று ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் ஒப்பந்தம். இவன் தெருவுக்குள் போய், ஒவ்வொரு முக்கிலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். யாராவது வரவில்லையென்றால் வாசலில் நின்று குரல் கொடுப்பான். “உலை வச்சுட்டு வாரீகளா, வடிச்சுட்டுத்தான் வாரீகளா?” என்று அவன் கத்துவது அந்த ஊர்களில் காலை நேரச் சத்தங்களில் ஒன்று.

அந்தப் பெண்கள் மருந்து அறைகளில் வேலை செய்பவர்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் சேர்த்து இங்கே மருந்து என்றுதான் சொல்வது. வேலை முடிந்து கை கால் கழுவி, மேலே போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையை உதறிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். ஆனாலும் சேலைக் கொசுவத்தில், கொண்டையில், சாப்பாட்டுப் பையின் அடியில் தூள் இருக்கும். மாலையில் வண்டியின் தரையைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மினுங்கும்.

கம்பெனியில் ஃபோர்மேன் ஒவ்வொரு நாளும் அறைகளைத் தண்ணீர்விட்டுக் கழுவச் சொல்வார். சிந்திய மருந்து காய்ந்து கிடந்தால் ஒரு உரசல் போதும். மச்சினன் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்கும் அதையே செய்தான். தினமும் மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்டபின், ஊர்க் கிணற்றுப் பக்கம் நிறுத்தி, ஆறு குடம் தண்ணீர் ஊற்றித் தென்னை விளக்குமாற்றால் தள்ளுவான். காய்ச்சல் கண்ட நாளிலும் தவறியதில்லை. மற்ற வேன்காரர்கள் அவனைக் கேலி செய்தார்கள். “என்னலே, தெனமும் பிள்ள குளிப்பாட்டுறியா?” என்பார்கள். “ஆமாலே, எம்பிள்ள சுத்தமா இருக்கும். ஒம்பிள்ள என்னைக்காவது ஒன்னச் சுட்டுரும்” என்பான்.

அறைகளின் தரை சிமெண்ட். வண்டியின் தரை இரும்பு. இந்த வித்தியாசம் அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான்காவது வருடம் தரையில் ஒரு ஓட்டை விழுந்தது, அரைக்கை அகலம். அவன் என்னிடம் வந்து, “அத்தான், ஒங்க பிரஸ்ல தேஞ்ச பிளேட்டு கிடக்குமே” என்றான். காலண்டர் அச்சடித்து முடித்த அலுமினியத் தகடுகளை எங்கள் அச்சகம் எடைக்குப் போட்டுவிடும். வெளியே அவற்றைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாக, குளியலறைத் தடுப்பாக, மாட்டுத் தொழுவத்துக்குச் சுவராக எங்கும் பார்க்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றும் ஆகாது. நான் ஒன்றை நிறுத்துப் பணம் கட்டி எடுத்துக் கொடுத்தேன். பட்டறையில் ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். வண்டி புதிதுபோல் ஆனது. அன்று டைரியில் ‘மச்சினன் வேனுக்கு பிளேட் 1’ என்று எழுதினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் காலண்டர் சீசன் முடிந்ததும் அவன் வருவதும், நான் தகடு எடுத்து வைத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. தேதிகள் மட்டும் இருக்கும் தகடுகளாகப் பார்த்து வைப்பேன். சாமி படம் இருக்கும் தகடுகளைக் காலில் மிதிபடும் இடத்துக்குக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு வருடம் அவசரத்தில் லட்சுமி படத் தகடு ஒன்று கட்டில் கலந்து போய்விட்டது. பட்டறைக்காரன் அதை முகம் மேலே தெரியும்படி அடித்துவிட்டான். மறுநாள் காலை முதலில் ஏறியது, எப்போதும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரும் ஓர் அம்மாள். திரி சொருகுவதில் கெட்டிக்காரி. மற்றப் பெண்களுக்கு அவள் பேச்சு சட்டம். படியிலேயே நின்றுவிட்டாளாம்.

“ஏய்யா, லட்சுமிய மிதிச்சுட்டுப் போயி நான் மருந்துல கைய வைக்கவா? எனக்கு வீட்ல பேரன் பேத்தி இருக்குய்யா.”

அன்று பதினெட்டுப் பேரும் அந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே போனார்கள். மாலையில் அவன் தகட்டைப் பெயர்த்து, முகம் கீழே இருக்கும்படி திருப்பி அடித்து, மேலே இன்னொரு தகடும் போட்டான். அப்படியும் அந்த அம்மாளுக்கு ஒப்பவில்லை. அடியில இருந்தாலும் இருக்கத்தானே செய்யுறாக என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கைக் கட்டிவிட்டான். பதினெட்டு ஜோடிச் செருப்பும் அதில்தான் வந்து போயின.

ஆய்வாளர் எழுதிக் கொடுத்த தாளோடு வீட்டுக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பழைய டைரிகளை எல்லாம் இறக்கி, ‘பிளேட்’ என்று எழுதியிருந்த வரிகளைத் தேடினேன். முதல் வருடம் ஒன்று. அடுத்து ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, மூன்று என்று போனது. போன வருடம் மட்டும் ஏழு. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. நான் ஒரு வருடத்தைக்கூட விடவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் இரண்டு வருடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததும் இல்லை.

தகடுகளைத் தேடியபோது இன்னொரு வரியும் கிடைத்தது. மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் நேரம். ‘கம்பெனி கேட்டில் வேன் சைலன்சரிலிருந்து பொறி. வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடி வந்தாராம். ஒன்றுமில்லை.’ பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வண்டிகளின் சைலன்சரில் பொறி வெளியே வராமல் இருக்க ஒரு சல்லடை மாட்டியிருக்க வேண்டும். அதுவும் துருப்பிடித்து விழுந்திருந்தது. ‘ஒன்றுமில்லை’ என்பதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, வண்டியைக் கண்டம் செய்தால் வரும் நன்மையை இடப்பக்கமும் கெடுதலை வலப்பக்கமும் எழுதினேன். புகை குறையும். ரோட்டில் சட்டம் ஒடியாது. கேட்டில் பொறி பறக்காது. வலப்பக்கம்: மச்சினனுக்குப் பிழைப்புப் போகும். பெண்களுக்குத் தெருவுக்குள் வண்டி வராது. எழுதி முடித்து வாசித்தபோது ஒன்று தெரிந்தது. இடப்பக்கம் இருப்பவை எல்லாம் நடக்காமல் போகப்போகிறவை. அவற்றை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. வலப்பக்கம் இருப்பவை அடுத்த மாதமே நடக்கும், எல்லோரும் பார்ப்பார்கள்.

பத்து மணிக்கு மச்சினன் வந்தான். யோசனையோடுதான் வந்திருந்தான்.

“அத்தான், பட்டறைல பேசிட்டேன். ரெண்டு சேனல் இரும்பு வச்சு வெல்டிங் பண்ணித் தாரேங்கான். இன்னும் நாலு வருஷத்துக்குக் கவலை இல்லையாம்.”

“எதுல வெல்டிங் பண்ணுவான் மாப்ள? ஒட்டுறதுக்கு அங்க இரும்பு வேணும்ல?”

“அப்ப காயலான் கடைல குடுத்துருவோம். மையத்துல குடுக்கறத விட நல்ல வெல வரும். இஞ்சின் நல்லாருக்கு, பிரிச்சு வித்தா ஒரு கிணத்து மோட்டாருக்கு ஆவும். அந்தத் துட்ட வச்சு இன்னொரு பழைய வண்டி.”

“ஆர்.சி. என் பேர்ல உயிரோட இருக்கும். வண்டி எங்க போகுது, யாரு ஓட்டுறானு எனக்கு எப்படித் தெரியும்? அது திரும்பவும் ஆள் ஏத்திக்கிட்டுத்தான் ஓடும்.”

காப்பி கொண்டு வந்த என் மனைவி தம்ளரை வைத்துவிட்டு நின்றாள். “ஒங்க பேரு கெட்றக் கூடாது. அதான?”

அதுவும் ஒரு காரணம்தான். ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் தேடுவது என்னை. இடப்பக்கப் பட்டியலில் நான் எழுதாமல் விட்டது அது.

மச்சினன் டைரியைத் திருப்பி அந்த இரண்டு பட்டியலையும் வாசித்தான். வாசித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக. வண்டி ஒழிஞ்சா வண்டிக்கு ஒரு வெல போட்டுக் குடுக்காக. ஓட்டுனவனுக்கு என்ன குடுக்காகன்னு எழுதலயே.”

“சர்டிபிகேட் இருக்கு. புது வண்டிக்கு...”

“நான் புது வண்டி வாங்குறவனா அத்தான்? புதுசு வாங்க முடிஞ்சவனுக்குத் தள்ளுபடி. முடியாதவனுக்கு?”

அன்று மதியம் சாப்பிடாமல் போய்விட்டான். மூன்று நாள் கழித்து, மையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அவன் சம்மதம் என்று சொல்லவில்லை. சாவியை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மையம் மதுரைக்கு அப்பால் இருந்தது. எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டி வரக்கூடாது என்று அவர்களே ஒரு லாரி அனுப்பினார்கள். கடைசித் தடவை தானே ஓட்டி வருவதாக மச்சினன் கேட்டுப் பார்த்தான். லாரிக்காரர் முடியாது என்றார். வேனைச் சங்கிலி கட்டி மேலே ஏற்றினார்கள். செருப்புச் சாக்கை மட்டும் அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, லாரியில் எனக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தான். கப்பலூரில் ஒரு பள்ளத்தில் லாரி இறங்கியபோது, “மெல்லப் போங்க, மேல கட்டியிருக்கு” என்றான். லாரிக்காரர் அவனை ஒரு முறை பார்த்தார். எதை உடைக்கக் கொண்டுபோகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

மையம் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் காயலான் கடைகளைப்போல் எண்ணெய்ச் சேறு இல்லை. தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஆரஞ்சு நிற மேலங்கியும் தலைக்கவசமும் போட்ட ஒரு பெண், ஓனர் மட்டும்தான் கோட்டைத் தாண்டி வரலாம் என்றாள். எனக்குத் தலைக்கவசம் கொடுத்தாள். மச்சினன் கோட்டுக்கு வெளியே நின்றான். பேட்டரியைக் கழற்றினார்கள். டீசலை ஒரு பீப்பாயிலும், எஞ்சின் ஆயிலை இன்னொன்றிலும் வடித்தார்கள். ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை. சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டை வெட்டி எடுத்து எண் சீட்டுக் கட்டினார்கள். படம் எடுத்தார்கள். நான் நாலு இடத்தில் கையெழுத்திட்டேன். பணம் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும் என்றாள். நான் தலையாட்டினேன். கோட்டுக்கு வெளியே இருந்தவனுக்கும் அது கேட்டிருக்கும்.

அலுமினியம் தனிக் குவியலுக்குப் போக வேண்டும். எனவே முதலில் தகடுகளைப் பெயர்த்தார்கள். கடப்பாரையோடு நின்ற தொழிலாளி இரண்டாவது தகட்டை உரித்தவுடன் என்னைக் கூப்பிட்டார்.

“சார், இது காலண்டருங்களா?”

நீல மையில் பன்னிரண்டு மாதமும் தெரிந்தன. போன வருடத்தினுடையது. அதற்குக் கீழே அதற்கு முந்திய வருடம். அதற்கும் கீழே இன்னொன்று. எந்த மெஷினில் ஓடியது, எந்த ஊர் ஜவுளிக்கடை ஆர்டர் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் ஈரம் இருந்தது. வண்டி இரண்டு வாரமாகக் கழுவப்படாமல் நின்றிருந்தது, அப்படியும் ஈரம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஓரிடத்தில் மூன்று அடுக்குக்குக் கீழே, முகம் தரையைப் பார்க்க அடித்த லட்சுமி வந்தாள். அந்தத் தகட்டைத் தூக்கியபோது அதன் அடியில் ஒன்றும் இல்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் சிமெண்ட் தரை தெரிந்தது.

தொழிலாளி உட்கார்ந்து, மிஞ்சியிருந்த சட்டத்தைக் கையால் பிடித்து இழுத்தார். பிஸ்கட்போல் உடைந்து வந்தது.

“இதுல ஆளா ஏத்துனீங்க? இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருந்தா ரோட்ல ரெண்டா ஒடிஞ்சிருக்கும் சார். நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க.”

எனக்குச் சொன்னதுதான். ஆனால் மச்சினன் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டான். அந்தப் பெண் எதுவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவன் குனிந்து, ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு மறுபக்கம் எடுத்தான்.

“அக்கா இதுக்கு மேலதான் உட்காருவாக” என்றான். டிரைவருக்குப் பின் சீட்டு, திரி சொருகும் அம்மாளின் இடம்.

“தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா?” என்று தொழிலாளி கேட்டார்.

“தெனமும்.”

“அதான். உப்பும் தண்ணியும் தகட்டுக்குள்ள போயி நின்னுக்கிச்சு. மேல மூடியிருக்கறதால காயவும் இல்ல. கழுவாம வுட்டிருந்தா இன்னும் பத்து வருசம் கிடக்கும் இந்தச் சட்டம்.”

மச்சினன் கையைச் சட்டையில் துடைத்தான். “கழுவாம விட்டிருந்தா வேற மாதிரி போயிருக்கும்” என்றான்.

தொழிலாளிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம், சரியான முடிவுதான் எடுத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டதல்லவா என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னது, சொல்லியிருக்கக் கூடாது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எத்தன வருஷமா அத்தான்?” என்று மட்டும் கேட்டான். எத்தனை வருடமாக அவர்கள் அந்த ஓட்டைக்கு மேல் உட்கார்ந்து வந்தார்கள் என்கிறான். டைரியைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

எடைக்குரிய பணம் என் கணக்கில் வந்ததும் முழுவதையும் எடுத்து அவனிடம் கொடுத்தேன். அதையும் சான்றிதழின் தள்ளுபடியையும் சேர்த்தாலும் ஒரு புது வேனின் முன்பணத்தில் பாதிகூட வரவில்லை. இரண்டு பைனான்ஸ் கம்பெனிகள் அவன் வயதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கின. இந்த முறை என் சம்பளச் சீட்டும் உதவவில்லை. மகள் கல்யாணக் கடனுக்கு அது ஏற்கெனவே அடகில் இருந்தது. சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும், வேறொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். அதை நெகிழி உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

பட்டாசுக் கம்பெனி ஒரு வாரத்தில் சொந்தமாக ஒரு புது வேன் வாங்கியது. வெள்ளை நிறம், புகையே தெரியாது, சத்தமும் குறைவு. மெயின் ரோட்டோடு போய்விடும், உள்ளே வராது. பெண்கள் இருட்டிலேயே எழுந்து அரை மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர், ஒருத்தி கைப்பிள்ளைக்காரி, வேலையை விட்டுவிட்டார்கள். திரி சொருகும் அம்மாளை ஒருநாள் ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில் பார்த்தேன். காலைத் தேய்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாச்சி, வண்டியக் கொண்டுபோயி கண்டம் பண்ணிட்டீகளாம்ல. நல்ல வெலையா?”

“எடைக்கு வந்தது.”

“என் முட்டிய நிறுத்தா எம்புட்டுத் தருவாக, கேட்டுச் சொல்லுங்க. அதுவும் பழசாத்தான் போச்சு.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பி எங்ககூடத்தான் பேக்கிங்ல இருக்கு. பேசவே மாட்டேங்குது. சாமி மேல சத்தியமா நாங்க அதுகிட்ட ஒண்ணும் கேக்கல” என்றாள்.

உண்மைதான். வேறு வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் போயிருந்தான். அதே பெண்களோடு, புது வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்து.

எட்டாவது மாதம் அவனே வீட்டுக்கு வந்தான். கம்பெனி இரண்டாவது வேன் எடுக்கப் போகிறது, நம் சான்றிதழ் அவர்களுக்கு உதவும், கொடுத்துவிடுங்கள் என்றான். விலை வேண்டாம். வேன் ஊருக்குள் வர வேண்டும், மூன்று ஊருக்குள்ளும். அதை மட்டும் கேளுங்கள் என்றான். இருவரும் போய் மேனேஜரைப் பார்த்தோம். அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரியில் நல்ல தொகை குறையும் என்று அவருக்குத் தெரிந்தது.

“அவ்வளவுதான? வரச் சொல்லிருவோம்” என்றார். எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். அப்புறம் மச்சினனைப் பார்த்து, “ஏன்யா, ரெண்டாவது வண்டிய நீயே ஓட்டேன்? ஒனக்கு அந்த ஊரு ஒவ்வொரு முக்கும் தெரியும். பேக்கிங் சம்பளத்துக்கு மேல தாரேன்” என்றார்.

நான் அவன் தோளைத் தொட்டேன். இதற்குத்தான் எட்டு மாதமாகக் காத்திருந்தோம் என்று எனக்குத் தோன்றியது. டைரியில் கோடு போட்ட பக்கத்தில், அவன் பிழைப்பைப் பற்றிய வலப்பக்கத்து முதல் வரியை அடித்துவிடலாம்.

“வேண்டாம் சார்” என்றான்.

வெளியே வந்தபின் கேட்டேன்: “என்ன மாப்ள, புது வண்டி. இரும்பெல்லாம் கெட்டியா இருக்கும். ஏன்?”

“வண்டி கெட்டியாத்தான் இருக்கும் அத்தான். அன்னைக்கு நம்ம வண்டியும் கெட்டின்னுதான நெனச்சேன்.” வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். “பேக்கிங்ல ஒரு லேபிள் கோணலாப் போனா பிச்சுட்டு ஒட்டுவேன். அம்புட்டுப் பேரையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு இனிமே எனக்கு ஓட்ட வராது. என்னைய விட்ருங்க.”

அன்று டைரியில் அந்த வரியை அடிக்கவில்லை.

இரண்டாவது வேன் வந்துவிட்டது. இரண்டு ஊருக்குள் வருகிறது. இரண்டாவது ஊரின் தண்ணீர்த் தொட்டி வரைதான். மூன்றாவது ஊர்க்காரர்கள் இன்னும் நடக்கிறார்கள். மேனேஜரிடம் இரண்டு முறை சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

சென்ற மாதம் காலண்டர் சீசன் முடிந்தது. தேய்ந்த தகடுகள் ஸ்டோருக்கு வந்தபோது, தேதி மட்டும் இருப்பவையாகப் பார்த்து ஐந்தைச் சுவரோரம் தனியாகச் சாய்த்து வைத்திருந்தேன். மறுநாள் காலை கவனித்து, எடுத்து எடைக்குப் போகும் கட்டில் சேர்த்தேன்.

சில நாள் என் பஸ் ஆமத்தூர் விலக்கில் நிற்கும்போது கம்பெனி வேன் எதிரே வரும். ஒருநாள், கூட்டம் ஏறுவதற்காக பஸ் அங்கே நின்றபோது பார்த்தேன். மச்சினன் கடைசியாக ஏறினான். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். அந்த வண்டியில் சாக்கு கிடையாது. தரையில் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லோரும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வெறுங்காலோடு பின்னால் போய் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டான். டிரைவர் கதவை மூடினான்.